பூஜைக்கு மாற்றிய எண்ணெய்

அந்த அக்டோபரில் என் அக்காவின் வேனுக்கு வயது ஒன்பதே முக்கால். ஓடிய தூரம் நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். சிங்கப்பூரில் ஒரு வண்டியை வைத்திருக்கும் உரிமை பத்தாண்டுக்குத்தான். அந்தச் சான்றிதழை சிஓஇ என்போம். அக்காவுடையது டிசம்பர் கடைசியில் முடிகிறது. அதற்குள் வண்டியைக் கழித்துவிடலாம், ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம், இல்லையென்றால் பத்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்து என்று முடிவெடுத்தால் அதன்பின் இன்னொரு தடவை கிடையாது. பத்து என்றால் எஞ்சினும் பத்தாண்டு தாங்க வேண்டும்.

அக்கா விற்பது தோசை மாவு. மார்சிலிங்கில் வீடு, அங்கிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒரு தொழிற்கூடத்தில் அத்தான் மாவு அரைக்கிறார். அக்கா அதைக் குளிர்பெட்டி பொருத்திய வேனில் ஏற்றி, லிட்டில் இந்தியா, காத்தோங், கிளமெண்டி என்று வாரத்தில் ஆறு நாள் கடை கடையாகப் போடுகிறாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரிய நிறுவனம் ஒன்று அவள் மாவு போடும் கடைகளைத் தன்னிடம் விட்டுவிடும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி போனால் கொடுத்துவிட வேண்டியதுதான். புது வேன் எடுப்பது இந்த வயதில் சரிவராது என்று அவளே சொல்லிவிட்டாள். ஆகவே எஞ்சின் எப்படி இருக்கிறது என்ற கேள்வி, அக்கா இனி காலையில் எழுந்து எங்கே போவாள் என்ற கேள்வியாகவும் இருந்தது.

எஞ்சினைத் திறக்காமல் அதன் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? யோசனை சொன்னவர் அவளுடைய மெக்கானிக். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே வந்ததும் முதல் எட்டு வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு உட்லண்ட்ஸில் ஒரு வண்டிப் பட்டறைக்கு மாறியவர். அக்காவை அக்கா என்பார். அதனால் என்னைச் சின்னக்கா என்பார்.

“கப்பல்ல சும்மா சும்மா எஞ்சின பிரிச்சுப் பாக்க முடியாதுக்கா. ஓடுற எண்ணெய்ல கொஞ்சம் எடுத்து பாட்டில்ல அடைச்சு லேபுக்கு அனுப்பிருவாங்க. உள்ள எது தேயுதுன்னு எழுதி வந்துரும்.”

“எண்ணெயப் பாத்து எஞ்சினச் சொல்லுவானா? ஜோசியக்காரனா லா அவன்?” என்றாள் அக்கா, எதற்கும் ஒட்டிக்கொள்ளும் சிங்கப்பூர் ‘லா’வோடு.

“தேயுற இரும்பு எங்கக்கா போகும்? எண்ணெய்லதான கெடக்கும்.”

அத்தான் சிரித்தார். “அப்ப ரத்தப் பரிசோதனைன்னு சொல்லு. முந்துன நாள் ராத்திரி பட்டினி போடணுமா?”

“இல்ல மாமா, இது நேர்மாறு. வயிறு நெறஞ்சிருக்கணும்.”

அந்தப் பதிலின் முழுப்பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. சொன்னவருக்கும் விளங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

நான் முப்பது வருடம் பத்திரிகையில் பிரதி திருத்தியவள். ஓய்வுபெற்றுக் கிளமெண்டியில் இருக்கிறேன். தெரியாத ஒன்றைப் பற்றிப் படிப்பது எனக்கு வேலையாக இருந்து, பிறகு பொழுதுபோக்காகிவிட்டது. பயன்படுத்திய எண்ணெயைச் சோதிக்கும் கூடம் ஒன்று மேற்கே இருப்பதைக் கண்டுபிடித்து, இருமல் மருந்துப் புட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு படிவமும் வாங்கி வந்தேன். படிவத்தில் கேட்டிருந்தவை குறைவுதான். வண்டி ஓடிய தூரம், எண்ணெய் ஓடிய தூரம், எண்ணெயின் வகை, நடுவில் எவ்வளவு சேர்த்து ஊற்றினீர்கள். வண்டிக்கு ஒரு வயது, எண்ணெய்க்கு வேறு வயது என்பதையே அன்றுதான் முதல் தடவையாக யோசித்தேன்.

ஓட்டுநர் கதவின் ஓரத்தில் பட்டறைக்காரர்கள் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. கடைசி சர்வீஸ் 4,10,000. அடுத்தது 4,20,000. மீட்டரில் 4,18,100. கழித்துப் பார்த்து, எண்ணெய் ஓடிய தூரம் 8,100 என்று எழுதினேன். மெக்கானிக் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கைப்பம்பால் உறிஞ்சி பாட்டிலை நிரப்பினார். எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது. டீசல் எஞ்சினில் புது எண்ணெயும் நாலு நாளில் கறுத்துவிடும் என்றார். நான் தலையாட்டினேன். அந்த வாக்கியத்திலேயே எனக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும், எழவில்லை.

ஆறு நாளில் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. இரண்டு பக்கம். இரும்பு, செம்பு, ஈயம், அலுமினியம் என்று வரிசையாக எண்கள், எல்லாமே சிறியவை. கீழே ஒரு வரியில் தேய்மானம் மிகக் குறைவு, நிலை நன்று என்று இருந்தது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அக்கா காத்தோங்கில் ஒரு கடை வாசலில் இருந்தாள்.

“திரும்பப் படி.”

திரும்பப் படித்தேன்.

“நாலு லட்சம் ஓடுன வண்டிக்கா? எனக்கே இப்டி ஒரு ரிப்போர்ட் வந்ததில்லடி. சுகர் இருக்கு, கொழுப்பு இருக்கு, அது இருக்கு இது இருக்குன்னுதான் டாக்டர் சொல்லுவாரு.” பக்கத்தில் யாரிடமோ திரும்பி, “என் வண்டி பாஸாயிடுச்சு லா,” என்று சொன்னது கேட்டது.

அன்று மாலையே பத்து வருடம் என்று முடிவு செய்துவிட்டாள். அத்தானிடம், மகளிடம், மாவு வாங்கும் கடைக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். மகளுக்கு அவ்வளவாக மகிழ்ச்சி இல்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் அம்மா வேன் ஓட்டப்போகிறாளா என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

செய்தி நன்றாக இருந்தால் எண்களை இன்னொரு தடவை பார்ப்பது என் பழைய பழக்கம். மோசமான செய்தியை எல்லோரும் சந்தேகிப்பார்கள்; நல்ல செய்திதான் திருத்தப்படாமல் அச்சுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் அறிக்கையை மறுபடி எடுத்தேன். உலோகங்களுக்குக் கீழே நான் தாண்டிப்போன ஒரு வரி இருந்தது. எஞ்சினில் டீசல் எரியும்போது அமிலம் உண்டாகும். அதை முறிப்பதற்காக எண்ணெயில் சில பொருள்களைக் கலந்திருப்பார்கள். எண்ணெய் ஓட ஓட அவை தீரும். எவ்வளவு மிச்சம் என்பதை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அதே எண்ணெயின் புது டின்னுக்கு உற்பத்தியாளர் கொடுத்திருந்த எண்ணைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றேதான். எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய எண்ணெய் எதையுமே செலவழிக்கவில்லை.

சோதனைக்கூடத்துக்குத் தொலைபேசி செய்தேன். பேசிய பெண் பொறியாளர் பொறுமையானவர். அறிக்கையைத் திறந்து எண்களை வரிவரியாகப் பார்த்தார். பிறகு, எண்ணெய் மாற்றி இவ்வளவு தூரம் ஓடியது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து எழுதினேன். முப்பது வருடம் மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி அது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்களோடு பேசினேன்.

“அக்கா வண்டிக்கு எண்ணெய் எப்ப மாத்துனீங்க?”

“ஸ்டிக்கர்ல இருக்கே சின்னக்கா.”

“அதுக்கு அப்புறம்?”

“அப்புறம் சர்வீஸே வரலையே.”

“சர்வீஸக் கேக்கல. எண்ணெயக் கேக்குறேன்.”

கால்கள் அசையாமல் நின்றன. படுத்திருந்த சக்கரப் பலகை உருள, அவர் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார்.

“பூஜைக்கு ஊத்துனோம்,” என்றார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வாடிக்கையாளர் வண்டிகளைக் கழுவி, பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுவது அந்தப் பட்டறையின் வழக்கம். உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு வெளியே பொட்டு வைக்கக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை. வடிகட்டியை மாற்றுவதில்லை, ரசீது கிடையாது, ஸ்டிக்கரும் ஒட்டுவதில்லை. கழுவுவது போல, பூ சுற்றுவது போல, அதுவும் பூஜையின் ஒரு பகுதி. மறுநாள் நானும் போயிருந்தேன். பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றுகொண்டு, வேன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்தேன். எண்ணெய் மாற்றியது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். மெக்கானிக்குக் கட்டாயம் தெரியும், ஊற்றியவரே அவர்தான். இருவரும் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. சர்வீஸ் எப்போது என்றுதான் ஸ்டிக்கர் சொன்னது; பூஜையை யாரும் சர்வீஸ் என்று நினைக்கவில்லை.

“பாட்டில்ல எடுத்ததும் நீங்கதானே?”

“நான்தான்.”

“எட்டு வருஷம் கப்பல்ல இதப் பாத்திருக்கீங்க.”

“கப்பல்ல ஆயுத பூஜை இல்லையே சின்னக்கா,” என்றார் பரிதாபமாக.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பூஜைக்கும் பாட்டில் நிரப்பிய நாளுக்கும் இடையில் எட்டு நாள். ஏறக்குறைய ஆயிரத்து நூறு கிலோமீட்டர். எஞ்சின் எவ்வளவு தேய்கிறது என்று எண்ணெய் காட்ட வேண்டுமானால், அது தேய்மானத்தைச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு ஓடியிருக்க வேண்டும். வயிறு நிறைந்திருக்கணும் என்று அவரே சொன்னது அதைத்தான். பழைய எண்ணெயை இறக்குவதற்குச் சற்று முன்னால், எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுப்பதுதான் சரியான நேரம். அப்படிப் பார்த்தால் நாங்கள் சோதித்திருக்க வேண்டியது பூஜைக்கு முந்தின நாள் இறக்கிய எண்ணெயை. அது எங்கே என்று கேட்டேன். மூலையில் இருந்த கழிவு எண்ணெய்ப் பீப்பாயைக் காட்டினார். அதில் முப்பது வண்டிகளின் எண்ணெய் கலந்திருந்தது. அந்தப் பீப்பாயும் பூஜைக்குப் பிறகு ஒரு தடவை காலியாகிவிட்டது.

அக்காவிடம் சொல்ல வேண்டியது என் வேலை. பஃபலோ ரோட்டில் அவள் மாவு வாளிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போய் நின்றேன். அது நல்ல நேரம் இல்லை. ஆனால் அவளுக்கு வேறு நேரமும் கிடையாது. பின்னால் ஒரு காய்கறி லாரி வழிக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லி முடித்தேன்.

“நல்லாருக்குன்னு வந்துச்சுல்ல?”

“தப்பான எண்ணெய்க்கு வந்துச்சுக்கா.”

“என் வண்டில இருந்து எடுத்த எண்ணெய்தானே? பக்கத்து வீட்டுக்காரன் எண்ணெயா?”

“எட்டு நாள் எண்ணெய். எட்டு நாளுல எந்த எஞ்சினும் நல்லாத்தான் இருக்கும்.”

வாளியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “உனக்கு ஒண்ணு நல்லதா வந்துட்டா பொறுக்காதாடி? பேப்பர்ல குப்ப கொட்டுன புத்தி. எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடி. நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்.”

“சொன்னத மாத்திச் சொல்லிக்கலாம்.”

“நீ சொல்லிப் பாரு. எனக்கு வேல இருக்கு.” வண்டியில் ஏறிப் போய்விட்டாள். போகும்போது குளிர்பெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அடுத்த சிக்னலில் இறங்கி வந்து சாத்தினாள். அதற்கும் என்னைத்தான் முறைத்தாள்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். சோதனைக்கூடத்துப் பெண் வேறு ஏதாவது கேட்டாளா என்றாள். கேட்டார். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுமா என்று கேட்டார். குளிர்பெட்டி எஞ்சினிலிருந்து ஓடுவதால், மாவு இறக்கும் நேரமெல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மீட்டரோ சக்கரம் சுற்றினால்தான் நகரும். நின்றபடி ஓடும் நேரம் எண்ணெய்க்குத் தெரியும், மீட்டருக்குத் தெரியாது.

“எவ்ளோ நேரம் நிக்குறேன்னு யாருக்குத் தெரியும்?”

“ஒரு நாள் கூட வரேன். பாத்து எழுதுறேன்.”

“வா. ஆனா பேசக் கூடாது.”

காலை ஆறு மணிக்குத் தொழிற்கூடத்தில் ஏறினேன். கையில் ஒரு குறிப்பேடும் கைக்கடிகாரமும். பேசக்கூடாது என்றவள் உட்லண்ட்ஸ் தாண்டுவதற்குள் மூன்று பேரைப் பற்றிப் பேசி முடித்திருந்தாள். முதல் கடை கெர்பாவ் ரோட்டில். பதினான்கு நிமிடம் நின்றோம். கடைக்காரர் புளித்துப்போன மாவைப் பற்றி ஒரு குறை சொன்னார்; அக்கா அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, “இது குளுருதா? இதுல வெச்சா நானே புளிச்சுப் போவேன்,” என்றாள். அது நான்கு நிமிடம். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் பதினொன்று. இன்னொரு கடையில் மேலாளர் வரக் காத்திருந்தது பதினெட்டு. காத்தோங்கில் சிலோன் ரோட்டுக் கோயிலுக்கு அருகே ஒரு மளிகைக் கடை. அங்கே ஓரத்தில் நிறுத்திவிட்டு, இருக்கையில் அமர்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் எழுதினேன்.

“சாமி கும்புடுறதும் கணக்கா?”

“ஒன்றரை நிமிஷம்.”

“எழுது, எழுது. புண்ணியம் உனக்கும் கொஞ்சம் வரட்டும்.”

கிளமெண்டியில் கடைசி வாளி இறங்கியபோது கூட்டிப் பார்த்தேன். வண்டி கிளம்பி ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. நின்றபடி எஞ்சின் ஓடியது இரண்டு மணி நாற்பது நிமிடம். அன்றைக்கு மீட்டர் காட்டியது நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் இந்த எண்ணெய் மீட்டர் சொல்வதைவிட வெகுசீக்கிரம் கிழடாகிறது. பொறியாளரிடம் சொன்னபோது, அப்படியானால் எட்டாயிரம் வரை காத்திருக்க வேண்டாம், ஐந்தாயிரத்தில் எடுங்கள் என்றார். நடுவில் சேர்த்து ஊற்றுவதை மட்டும் எழுதி வைக்கச் சொன்னார். புது எண்ணெய் சேரச் சேரப் பழையதில் உள்ள இரும்பு நீர்த்துவிடும். மாதிரி எடுக்கும் முந்தின நாள் ஊற்றினால் அறிக்கை மறுபடியும் பொய் சொல்லும்.

அக்கா அதை ஒப்புக்கொண்டாள். சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில், ஊற்றிய நாளின் தாளிலேயே குறித்துவைப்பதாகச் சொன்னாள். குறித்தும் வைத்தாள். தீபாவளிக்கு மாவு இரண்டு மடங்கு போனது. தினமும் இரண்டு நடை. தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில், எண்ணெய் ஓடிய தூரம் ஐந்தாயிரத்தை நெருங்கியதும் வீட்டுக்குப் போய்க் குறிப்பைக் கேட்டேன். நாள்காட்டியில் அன்றைய தாள்தான் இருந்தது. அது தினமும் ஒரு தாளாகக் கிழிக்கும் நாள்காட்டி.

“கிழிச்ச தாளெல்லாம் எங்கக்கா?”

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் கூரையைப் பார்த்தார்.

“வண்டில இருக்கும்,” என்றாள். “எண்ணெய்க் கம்பி தொடைக்க எடுத்துட்டுப் போவேன்.”

ஓட்டுநர் கதவின் பையில் கசங்கிய தாள்கள் ஒரு கொத்தாக இருந்தன. எல்லாவற்றிலும் எண்ணெய். ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் கறுத்துப்போயிருந்தன. விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு தாள்களில் பென்சிலால் எழுதிய “½” தெரிந்தது. மூன்றாம் தடவை ஊற்றியது தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு என்று அத்தான் சொன்னார்; அன்றைக்கு அரைவை எந்திரத்தின் பெல்ட் அறுந்ததால் அவருக்கு நினைவிருந்தது. மொத்தம் ஒன்றரை லிட்டர். கடைசியாக ஊற்றிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. போதும் என்றார் பொறியாளர்.

இரண்டாம் தடவை மெக்கானிக் ஒரு விஷயத்தையும் விடவில்லை. அக்கா சுற்று முடித்து நேராகப் பட்டறைக்கு வந்தாள். எஞ்சின் சூடு ஆறுவதற்குள் குழாயை இறக்கினார். அடித்தட்டில் படியும் கசடு வராமலிருக்கக் குழாயை எவ்வளவு தூரம் விடவேண்டும் என்று முன்பே கம்பியோடு வைத்து அளந்து, நூல் கட்டி அடையாளம் செய்திருந்தார். முதலில் வந்த கொஞ்சத்தைக் கீழே விட்டார். கந்தல் துணியால் பாட்டிலின் வாயைத் துடைக்கப் போன பட்டறை முதலாளியைக் கையைப் பிடித்து நிறுத்தினார். படிவத்தை நான் எழுதினேன். ஒவ்வொரு எண்ணையும் அவரிடம் ஒரு தடவை, அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன்.

“நடுவுல எந்த சாமிக்காவது எண்ணெய் மாத்துனீங்களா?”

“இல்ல சின்னக்கா.”

“தீபாவளிக்கு?”

“எனக்குத்தான் எண்ணெய் தேச்சாங்க. வண்டிக்கு இல்ல.”

நவம்பர் கடைசியில் இரண்டாவது அறிக்கை வந்தது. இந்தத் தடவை நான் தொலைபேசியில் வாசிக்கவில்லை. அச்செடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மார்சிலிங்குக்குப் போனேன். அக்கா அடுத்த நாளுக்கான உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை ஈரம்.

“சொல்லு. சுத்தி வளைக்காத.”

சொன்னேன். இரும்பு, இந்த வயது எஞ்சினில் எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். கவலைப்படும் அளவு இல்லை. ஈயமும் செம்பும் குறைவு. அதாவது எஞ்சினின் பேரிங் எனும் தாங்கு வளையங்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கசியவில்லை. ஆனால் கரி நிறைய, கொஞ்சம் டீசலும் கலந்திருக்கிறது, எண்ணெய் நீர்த்திருக்கிறது. நின்றபடியே ஓடுவதன் விளைவு அது. இனிப் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை இல்லை, ஐந்தாயிரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறக்குவதற்கு முன் ஒரு பாட்டில் எடுத்தனுப்ப வேண்டும். முதல் அறிக்கையும் வீணில்லை என்றார் பொறியாளர். அதே எண்ணெயின் ஆயிரத்து நூறாவது கிலோமீட்டர் அது. அதில் 8,100 என்று நான் எழுதியதுதான் தப்பு. அதைத் திருத்திவிட்டால் இரண்டு புள்ளி ஆகிறது. மூன்றாவதும் நான்காவதும் வந்தால் இரும்பு எப்படி ஏறுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கலாம்.

“பத்து வருஷம் ஓடுமா, அதச் சொல்லு.”

“அதையும் கேட்டேன். எண்ணெய் நடந்ததத்தான் சொல்லும், நடக்கப்போறதச் சொல்லாதுன்னுட்டாங்க.”

“அப்ப அவ ஜோசியக்காரி இல்ல.”

“இல்ல.”

“இவன் என்ன சொல்றான்?” மெக்கானிக்கைப் பற்றித்தான் கேட்டாள்.

“அஞ்சு வருஷம்னா நான் பாத்துக்குறேன்னு சொன்னார். பத்துன்னா நடுவுல ஒரு தடவ எஞ்சினத் தொறக்க வேண்டி வரும்னார். அப்ப அக்காவுக்கு அறுபத்தி நாலு, அறுபத்தஞ்சு இருக்கும், அதையும் யோசிச்சுக்கச் சொன்னார்.”

“என் வயச அவன் ஏன் எண்ணுறான்?”

அத்தான் அடுத்த அறையில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். அக்கா உளுந்துத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டாள். மூன்று தடவை அப்படிச் செய்தாள். மூன்றாவதில் தண்ணீர் தெளிந்தே இருந்தது. இருந்தும் இன்னொரு தடவை களைந்தாள். ஐந்து என்றால் அறுபத்து மூன்றில் வண்டி நிற்கும். அதன்பின் கேட்பதற்கு இடமில்லை. அறிக்கையில் எழுதியிருந்ததைச் சொல்லிவிட்டேன். எழுதாதது எனக்கும் தெரியாது.

“பூஜைக்கு எண்ணெய் மாத்துன ரிப்போர்ட்ட நீ நோண்டாம இருந்திருந்தா,” என்றாள், “நான் இந்நேரம் பத்துக்குப் போட்டிருப்பேன்.”

“ஆமா.”

“நிம்மதியா இருந்திருப்பேன்.”

“கொஞ்ச வருஷம்.”

அவள் சிரிக்கவில்லை; கோபமும் இல்லை. கையை உதறிவிட்டு, மேசைமேல் இருந்த தன் கைபேசியை முழங்கையால் என் பக்கம் தள்ளினாள்.

“கை ஈரம். நீயே திற.”

புதுப்பிக்கும் பக்கத்தைத் திறந்தேன். வண்டி எண் வந்தது. சான்றிதழ் முடியும் தேதி வந்தது. கீழே இரண்டு வட்டங்கள், ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு. விரலை வைக்காமல் அவளைப் பார்த்தேன்.

“அஞ்சு,” என்றாள்.

“நிச்சயமாவா?”

“வண்டிக்கு பாட்டில் இருக்கு, எடுத்துப் பாத்தாச்சு. எனக்கு அப்டி பாட்டில் இருக்கா? அஞ்சுன்னா அஞ்சு. அஞ்சு வருஷம் ஒழுங்கா ஓட்டிட்டு நானே நிறுத்திக்கிறேன். எஞ்சின் ரோட்டுல நின்னு என்ன நிறுத்த வேணாம்.”

அழுத்தினேன். உறுதிசெய்யும்படி இன்னொரு தடவை கேட்டது. அவள் எட்டி, ஈரக்கையின் சுண்டுவிரலால் தானே தொட்டாள். திரையில் ஒரு துளி தண்ணீர் நின்றது. உள்ளிருந்து அத்தான் எத்தனை என்று கேட்டார். ஐந்து என்று சொல்லிவிட்டு, உளுந்துப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, திங்கட்கிழமை கெர்பாவ் ரோட்டுக்கு எத்தனை வாளி என்று அவரைக் கேட்டாள்.